நாலு ஏரிக் கணக்கு



ஆண்டு மலர் என்றாலே கவிதை, கடி ஜோக், பிரிவு உபசார வரிகள் என்று ஜாலியாகப் புரட்டிக்கொண்டு வருவீர்கள். நடுவிலே ஒரு கணக்குக் கட்டுரையா என்று பக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள். இது நாம் குடிக்கிற தண்ணீரைப் பற்றிய கணக்கு. நம் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரைப் பற்றிய கணக்கும்கூட.

எங்கள் வீடு சைதாப்பேட்டையில், அடையாற்றுக்குக் கொஞ்சம் தள்ளி. 2015 டிசம்பர் வெள்ளம் வந்தபோது நான் மூணாம் வகுப்பு. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். 2019 கோடையில் நான் ஏழாம் வகுப்பு. அதே தெருவில் அம்மாவோடு ரெண்டு பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்காக நின்றேன். நாலே வருஷத்தில், அதே ஊரில், ஒரு தடவை தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை தேடினாலும் கிடைக்கவில்லை. "என்ன ஊருடா இது!" என்று பாட்டி தலையில் அடித்துக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

இது ஏன் என்பதற்கான விடை எந்த ரகசியக் கோப்பிலும் இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தினமும் வெளியிடப்படும் ஓர் அட்டவணையில் இருக்கிறது.

அட்டவணையில் என்ன இருக்கு?

சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நிலவரத்தைத் தினந்தோறும் வெளியிடுகிறது. பத்திரிகைகளிலும் வரும். பூண்டி 3,231, சோழவரம் 1,081, செங்குன்றம் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. நாலையும் கூட்டினால் 11,257. இதெல்லாம் மில்லியன் கன அடிக் கணக்கில் முழுக் கொள்ளளவு. 2020-ல் தேர்வாய்கண்டிகை 500 மில்லியன் கன அடியோடு ஐந்தாவதாகச் சேர்ந்தது. கடலூர் மாவட்டத்து வீராணம் தனி.

ஒவ்வொரு ஏரிக்கும் நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம், போன வருஷம் இதே நாளில் இருந்த இருப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். பார்த்தால் தலை சுற்றும். ஆனால் நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள் ஆயிற்றே! யூனிட்டை மாற்றினால் எல்லாம் பேச ஆரம்பிக்கும்.

ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். அப்படியானால் ஒரு மில்லியன் கன அடி 2.83 கோடி லிட்டர். நாலு ஏரியும் நிரம்பி வழிந்தால் சுமார் 31,850 கோடி லிட்டர். ஊருக்கு ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் எத்தனை நாள் வரும்? 318 நாள். இதிலும் வெயிலில் ஆவியாகிப் போவதைக் கழிக்க வேண்டும். எல்லா ஏரியும் தளும்பினால்கூட ஒரு முழு வருஷத்துக்குக் காணாது!

இப்போது 2019 புரிகிறதா? 2018-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. ஒரே ஒரு மழை தவறினால் அடுத்த கோடையைத் தாங்கும் சேமிப்பு ஏரிகளில் கிடையாது. 2019 ஜூனில் நாலு ஏரியையும் சேர்த்து ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. வீராணமும், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் நிலையங்களும்தான் ஓரளவு கை கொடுத்தன.

அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகனில் 25 லட்சம் லிட்டர். ஊரே கைதட்டியது. நானும் டி.வி.யில் பார்த்துத் துள்ளினேன். ஆனால் கணக்குப் போடுங்கள். அந்தச் சமயத்தில் குறைத்துக் கொடுத்த தண்ணீரே நாளொன்றுக்கு சுமார் 52 கோடி லிட்டர். ஒரு நாள் தண்ணீரை ரயிலில் கொண்டுவர 200 ரயிலுக்கு மேல் வேண்டும். ரயில் வந்தது நல்லதுதான், யார் வயிற்றையோ நனைத்தது. ஆனால் பஞ்சம் தீர்ந்தது என்று நினைத்தால் நாம் ஏமாந்தோம். எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கைதட்டலாம், கூடவே கேள்வியும் கேட்கலாம்.

இனி வெள்ளம்

அதே அட்டவணையில் 'வெளியேற்றம்' என்று ஒரு கட்டம் சொன்னேனே, அது கன அடி/விநாடிக் கணக்கு. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த அளவு 29,000 கன அடி வரை போனதாக அரசுக் கணக்கு. லிட்டரில் சொன்னால் விநாடிக்கு 8 லட்சத்துக்கு மேல். அந்த வேகத்தில் ஒரு மில்லியன் கன அடி வெளியேற 35 விநாடிகூட ஆகாது. இது போக, வழியிலுள்ள மற்ற ஏரிகளின் உபரியும் கொட்டும் மழையும் அதே அடையாற்றில்தான் வந்து விழுந்தன.

ஆக, கோடையில் வற்றுவதும் மழையில் உடைத்துக்கொண்டு வருவதும் ரெண்டு கதை இல்லை. ஒரே ஏரிக் கணக்கின் ரெண்டு பக்கம்.

எண்ணும் ஏமாற்றும்!

எண் பொய் சொல்லாது என்பார்கள். சொல்லாது. ஆனால் அரைகுறையாகக் கேட்டால் அரைகுறையாகத்தான் பதில் சொல்லும். நான் விழுந்து எழுந்த சில குழிகளைச் சொல்கிறேன்.

முதல் குழி, எந்த நாள்? வானிலைத் துறையின் மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 'டிசம்பர் 2, 2015 மழை' என்று போட்டிருப்பது பெரும்பாலும் முதல் தேதி பெய்த மழை. இது தெரியாமல் நான் ஏரித் திறப்பையும் மழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஏரியைத் திறந்தப்புறம்தான் மழையே பெஞ்சிருக்கு!" என்று கண்டுபிடித்துப் பெருமைப்பட்டேன். எங்க செட்டில் ஒருத்தன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

ரெண்டாவது, எந்த இடம்? அந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. நடுவில் இருபது கிலோமீட்டர் தூரம்தான். 'சென்னையில் மழை' என்று ஒற்றை எண்ணைச் சொன்னால் அது யாருடைய சென்னை?

மூணாவது, எந்த எல்லை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டம் 46,46,732 பேர். பரப்பு சுமார் 175 சதுர கி.மீ. வகுத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,500-க்கு மேல். அதே 2011 அக்டோபரில் மாநகராட்சி எல்லை 426 சதுர கி.மீ. ஆக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூரெல்லாம் உள்ளே வந்தன. பழைய ஆளை எடுத்துப் புதிய பரப்பால் வகுத்தால் 10,900 என்று வரும். ஒரே பென்சிலால் பாதி ஊரைக் காலி பண்ணிவிடலாம்! 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போய், 2027 மார்ச் முதல் தேதியை வைத்து எண்ணுவதாக 2025-ல் அறிவிப்பு வந்தது. அதனால் இன்று யாராவது 'மக்கள்தொகைப்படி' என்றால் எந்த வருஷம், எந்த எல்லை என்று கேளுங்கள்.

நாலாவதுதான் பெரிய குழி. யாரை எண்ணவில்லை? இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வீடு தேடிப் போன இடத்தில் கற்றுக்கொண்டேன்.

அப்பாவின் அட்வான்ஸ்

2025 மே மாதம். எங்கள் வீட்டை இடித்துக் கட்டப்போவதாக ஓனர் சொல்லிவிட்டார். அப்பா அலையாய் அலைந்து மணப்பாக்கம் பக்கம் ஒரு வீடு பார்த்தார். கீழ்த்தளம், நல்ல காற்று, வாடகையும் கட்டுப்படியாகும். வீட்டுக்காரர், "2015-லகூட இங்க தண்ணி வரலைங்க" என்றார். அட்வான்ஸுக்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகத் தயாராக இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். "சிவில் படிக்கிறியே, கொஞ்சம் பாத்துச் சொல்றா."

2015-ல் தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே குறித்த வரைபடம் ஒன்று உண்டு. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் மேல், அந்த வெள்ளத்தின்போதே செய்தது. அதைத் தேடி எடுத்தேன். அந்தத் தெருவில் குறி இல்லை. "ஓகேப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் சும்மா எங்கள் சைதாப்பேட்டைத் தெருவைப் பார்த்தேன். அங்கேயும் குறி இல்லை!

என் இடுப்புக்கு மேல் தண்ணீர் நின்ற தெரு. அப்பா தோளில் நான் இருந்த தெரு. ஏன் இல்லை? யோசித்தேன். மூணு நாள் கரண்ட் இல்லை. செல்போன் செத்துப்போய்க் கிடந்தது. மொட்டை மாடியில் இருந்தவன் எங்கே போய்க் குறிப்பான்? குறி இருந்தால் தண்ணீர் வந்தது என்று நம்பலாம். குறி இல்லை என்றால் தண்ணீர் வரவில்லை என்று அர்த்தமில்லை. ரொம்ப மோசமாக மூழ்கின தெருதான் மௌனமாக இருந்திருக்கும்.

மறுநாள் நண்பன் ஒருத்தனோடு அங்கே போனேன். முனையில் ஒரு டீக்கடை. "அண்ணே, வெள்ளத்துல இங்க தண்ணி வந்துச்சா?" என்றோம். அவர் பேசவே இல்லை. பாய்லருக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். பழுப்பாக ஒரு கோடு. "பெயின்ட் அடிக்கிறப்போ இதை மட்டும் விட்டுடச் சொல்லிட்டேன்பா" என்றார்.

டம்பி லெவலெல்லாம் காலேஜ் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதாதா? முப்பது அடி டியூபில் தண்ணீர் நிரப்பி, டீக்கடைக் கோட்டிலிருந்து கை மாற்றிக் கை மாற்றி நாலு இடம் வைத்து அந்த வீட்டு வாசலுக்கு வந்தோம். வீட்டுத் தரை அந்தக் கோட்டுக்கு மூணேகால் அடி கீழே! வெள்ளத்தின் மட்டம் ஆற்றோடு சரிந்துகொண்டே போகும் என்பது உண்மைதான். ஆனால் நூற்றி இருபது அடி தூரத்தில் மூணு அடி சரியாது.

வீட்டுக்காரர் பொய் சொன்னாரா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2015-ல் அவர் வேறு ஊரில் இருந்தாராம். வரலை என்று யாரோ சொன்னதை அவரும் சொல்லியிருக்கிறார்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. ரெண்டு தெரு தள்ளி முதல் மாடியில் வீடு பிடித்தோம். மாசம் 1,500 ரூபாய் கூட. அந்தப் பணத்துக்காக அப்பா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார். அளந்து பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு நண்பர்களே.

இன்னும் உறுத்துகிறது

ஒரு மாசத்தில் அந்தக் கீழ்த்தளத்துக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. ஒரு வயசான அம்மா, ரெண்டு சின்னப் பிள்ளைகள். மனசு கேட்காமல் போய்ச் சொன்னேன். "அட்வான்ஸ் குடுத்தாச்சேப்பா, இப்போ என்ன பண்றது?" என்றார் அந்த வீட்டு அக்கா. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். மழைக்காலத்தில் டாக்குமென்ட்டும் மருந்தும் மேல் ஷெல்ஃபில் இருக்கட்டும், தினம் செம்பரம்பாக்கம் வெளியேற்றத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி, எப்படிப் பார்ப்பது என்று அவர் போனிலேயே காட்டிவிட்டு வந்தேன்.

டீக்கடைச் சுவரில் இருந்த அந்தக் கோடு பொது இடத்தில் இருந்திருந்தால் அவர்கள் முன்னாடியே பார்த்திருப்பார்கள் இல்லையா?

அதனால்தான் இதை எழுதுகிறேன். நமக்கு வேண்டிய பாதி எண்கள் ஏற்கெனவே வெளியே இருக்கின்றன. ஏரி நிலவரம், மழை அளவு, மக்கள்தொகை, 2012-லிருந்து மத்திய அரசின் திறந்த தரவுத் தளம். வெளியிடாததைக் கேட்கவும் 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு மனு. ஒரு சினிமா டிக்கெட்டை விட மலிவு!

மீதிப் பாதி யாரிடமும் இல்லை. அதை நாம்தான் சேர்க்க வேண்டும். நம் காலேஜுக்கு எத்தனை ஏரியாவிலிருந்து வருகிறோம்! ஒவ்வொருத்தரும் அவரவர் தெருவில் ஒரு வெள்ளக் கோட்டைக் கண்டுபிடித்து, தேதியோடு, அடிக் கணக்கோடு எழுதிக் கொடுங்கள். கோடை மாசத்தில் குழாயில் எந்தெந்த நாள் தண்ணீர் வந்தது என்று காலண்டரில் ஒரு டிக் போடுங்கள். வராத நாளையும் 'வரவில்லை' என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அது கணக்கில் சேராது. பேரவை அறையில் ஒரு நோட்டு வைப்போம். அடுத்த மலரில் அதைப் பார்த்து ஒரு ஜூனியர் கட்டுரை எழுதட்டும்.

'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்பார்கள் பெரியவர்கள். ஆற்றோரத்தில் குடியிருக்கிற நாமும் அளந்து பார்த்தே குடிபோவோம். அளந்ததை நாலு பேருக்குச் சொல்லியும் வைப்போம்.

— சிவில் பிரிவு, மூன்றாம் ஆண்டு மாணவன்