குறி – 9: கண்ணாடிக்குள் ஒரு சிலந்தி

விளிம்புத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து எங்கே இருக்கிறது, ஃபயரிங் பின் ஏன் நடுவை விட்டு ஓரத்தில் அடிக்கிறது என்பதெல்லாம் போன வாரமே முடிந்தது. பழைய பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் ஸ்கோப் மாட்டுவதைச் சொல்கிறேன் என்றிருந்தேன். அதற்குமுன் ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும்.

ஜமுனாமரத்தூர் பக்கம் துப்பாக்கி என்றால் நாட்டுத் துப்பாக்கிதான். குழலின் வாய்வழியே கரிமருந்தையும் பால்ரஸ் குண்டையும் போட்டுக் கெட்டிப்பது. அதில் ஸ்கோப்புக்கு வேலையில்லை. ஆனால் அதே மலையில், ஆலங்காயத்தைத் தாண்டினால் காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1972-இல் வந்த 102 செ.மீ. தொலைநோக்கியும் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களைக் காட்டிக்கொடுத்த பதிவுகளில் ஒன்று இந்த இரண்டாவதில் எடுத்ததுதான். பெரிய தொலைநோக்கிக்குத் தெரியும் வானம் மிகச் சிறிய துண்டு. அதனால் பக்கவாட்டில் ஒரு சின்னத் தொலைநோக்கியைப் பொருத்தி, அதன் குறுக்குக் கோட்டில் விண்மீனைக் கொண்டுவந்தால் பெரியதிலும் அது நடுவில் வரும்படி திருகுகளை முடுக்கிச் சரிசெய்வார்கள். ரைஃபிள் குழலையும் ஸ்கோப்பையும் ஒரே புள்ளியைப் பார்க்க வைப்பதும் இதே வேலைதான்.

அந்தக் குறுக்குக் கோடு எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இந்த வாரம் முழுக்கப் போனது. 1639 வாக்கில், இங்கிலாந்தில் லீட்ஸ் அருகே வில்லியம் காஸ்கோய்ன் என்ற இளைஞர் தன் தொலைநோக்கியின் உள்ளே ஒரு சிலந்தி இழை ஓடுவதைப் பார்த்தார். வானமும் தெளிவாக இருந்தது, இழையும் தெளிவாக இருந்தது. அதிசயம் அங்கேதான். கலிலியோவின் தொலைநோக்கியில் கண்பக்கம் இருப்பது குழிலென்ஸ். அதன் குழலுக்குள் பிம்பம் எங்கும் விழுவதில்லை. சிலந்தி எத்தனை இழை கட்டினாலும் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியாது. கெப்ளர் 1611-இல் சொன்ன அமைப்பில் இருபுறமும் குவிலென்ஸ். நடுவே பிம்பம் விழும் ஓர் இடம் உண்டு. சிலந்தி சரியாக அந்த இடத்தில் இழை கட்டியிருந்தது! காஸ்கோய்ன் அதைப் புரிந்துகொண்டு, கோடு வைத்த தொலைநோக்கியையும் வானத்தில் கோணம் அளக்கும் மைக்ரோமீட்டரையும் செய்தார். 1644-இல் உள்நாட்டுப் போரில் இறந்துபோனார். அவருடைய கோடு ரைஃபிளின் மேல் ஏற ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போரில்கூட அமெரிக்கர்கள் கருங்கைம்பெண் சிலந்தியின் இழையைக் குறிநோக்கிகளுக்குள் கட்டினார்கள்.

இதை இவ்வளவு நீட்டக் காரணம் உண்டு. கோடும் பிம்பமும் ஒரே தளத்தில் விழவில்லை என்றால், தலையை இம்மியளவு நகர்த்தினாலும் கோடு இலக்கின் மேல் நகரும். பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்பில் இந்தத் தளத்தைப் பெரும்பாலும் 100 கெஜத்துக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள், பாயிண்ட் டூ டூவுக்கானதில் 50 கெஜத்துக்கு. என்.சி.சி. மாணவர்கள் சுடுவதோ 25 கெஜத்தில். விலையும் உருப்பெருக்கமும் அப்புறம். முதலில் எத்தனை கெஜத்துக்குச் சரிசெய்தது என்று கேட்டு வாங்குங்கள். முன்லென்ஸைத் திருகித் தூரம் மாற்றும் வகை கிடைத்தால் அதுவே நல்லது.

மாட்டும் வேலைக்கு இடம் போதவில்லை. பிந்திய ரைஃபிள்களின் மேற்புறத்தில் பிடிவளையத்துக்கென்று 11 மி.மீ. காடி வெட்டியிருக்கும். என்.சி.சி.யில் பல தலைமுறை தோளில் வைத்த எண் 2 மார்க் 4 ரைஃபிளில் அது கிடையாது. பழைய லீ என்ஃபீல்டைப் பாயிண்ட் டூ டூ ஆக்கிய துப்பாக்கி அது. ஒவ்வொரு தோட்டாவாக மேலிருந்து விரலால் வைக்க வேண்டும். நேர்மேலே ஸ்கோப் உட்கார்ந்தால் விரல் நுழைய வழியில்லை. துளை போடாமல் இதை எப்படிச் சமாளிப்பது என்பது அடுத்த வாரம்.

அதுவரை உரிமத்தோடு பழைய ரைஃபிள் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரிசீவரில் துளை போடாதீர்கள், போட்டபின் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்த்துத் தொழில் செய்யவும் உரிமம் வேண்டும். பக்கத்துப் பட்டறைக்கு எடுத்துப்போகாமல் உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள்.