பித்தளைத் தகட்டில் படையின் அடையாளம்

என்ஃபீல்டு துப்பாக்கி, 1853 மாதிரி, பிரிட்டன். 0.577 அங்குலக் குழல். வாய்வழியாக மருந்து இடிப்பது.

விசைத்தகட்டில் உள்ள மகுடமும் ‘வி.ஆர்.’ எழுத்துகளும் விக்டோரியா மகாராணியைக் குறிப்பவை. அகன்ற அம்புக்குறி அரசுடைமைக்கான முத்திரை. எந்தப் படை என்பதை இவை சொல்லமாட்டா.

அதற்குக் கட்டையின் அடியிலுள்ள பித்தளைத் தகட்டைப் பார்க்க வேண்டும். தகடு மேற்புறம் மடங்கும் இடத்தில் ரெஜிமெண்ட் எண், கம்பெனி எழுத்து, துப்பாக்கியின் வரிசை எண் ஆகியவற்றைப் பொறித்தார்கள். ‘வி’ என்ற எழுத்து பெரும்பாலும் 1859இல் எழுந்த தன்னார்வப் படைகளைச் சுட்டும். துப்பாக்கி கைமாறியபோது பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை வெட்டியதும் உண்டு. சிப்பாயின் பெயர் இராது. அடுக்கில் தன் துப்பாக்கியை அவர் கண்டெடுக்க உதவியது அந்த வரிசை எண்ணே.

தேய்ந்த வெட்டுகள் சாய்ந்த ஒளியில் தெளிவாகத் தெரியும். சற்றுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.