மேற்கோளும் எண்ணிக்கையும்

2023 ஒக்டோபரில் கத்தலின் கரிகோவுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்த செய்தியை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஹங்கேரியில் இறைச்சிக்கடைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தபோது, 1995இல் பதவி இறக்கப்பட்டவர் என்று அதில் இருந்தது. "இவ்வளவு கெட்டிக்காரிய ஏன் மகள் இறக்கினாங்க? எத வெச்சு அளந்தாங்க?" என்று வாப்பா கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னர் தேடி வாசித்ததையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஞ்ஞானி கண்டறிந்தது ஆய்வுக் கட்டுரையாகச் சஞ்சிகையில் வெளிவந்தால்தான் மற்றவர்களுக்குப் பயன்படும். அதைப் பயன்படுத்துபவர், இன்னாரிடமிருந்து எடுத்தேன் என்று தமது கட்டுரையில் குறிப்பிட வேண்டும். அதுதான் மேற்கோள். ஹதீஸுக்கு அறிவிப்பாளர் தொடர் பார்க்கும் நமக்கு இது புதிய விடயமல்ல. ஆனால் ஹதீஸ்கலை அறிஞர்கள் எத்தனை பேர் அறிவித்தார்கள் என்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவருடைய நேர்மையையும் ஞாபகசக்தியையும் விசாரித்தார்கள். மேற்கோள்களை எண்ணுகின்றவர்களோ பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள்.

அந்த எண்ணிக்கைகளில் பிரபலமானது எச் சுட்டெண். 2005இல் ஜோர்ஜ் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் இதை முன்வைத்தார். ஒருவர் ஐந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். அவை முறையே 40, 12, 5, 4, 1 தடவைகள் மேற்கோள் காட்டப்பட்டுள்ளன. நான்கு கட்டுரைகளுக்குக் குறைந்தது நான்கு மேற்கோள்கள் இருப்பதால் அவருடைய சுட்டெண் 4. இனி அந்த 40ஐ 4000 ஆக்கிப் பாருங்கள். அப்போதும் 4தான்! ஒரேயொரு மகத்தான கட்டுரை எழுதியவர் இந்தக் கணக்கில் தெரியவே மாட்டார். இஸட் புள்ளியைப் பார்த்துப் பார்த்து வளர்கின்ற எங்களுக்கு, ஒரே எண்ணில் ஆளை அடக்குவது எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. தமது சுட்டெண் மோசமான விளைவுகளையும் தரக்கூடும் என்று 2020இல் ஹேர்ஷே எழுதினார்.

எண்ணிக்கை கூடினால் மட்டும் என்ன? 1951இல் ஒலிவர் லௌரியும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை 2014 அளவிலேயே 3 இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அது எந்த நோயையும் குணப்படுத்தவில்லை. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொன்னது. ஆய்வுகூடங்கள் அனைத்துக்கும் அது தேவைப்பட்டது, அவ்வளவுதான். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசியை ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்தி, 12 பிள்ளைகளை மாத்திரம் வைத்து அன்ட்ரூ வேக்பீல்ட் 1998இல் வெளியிட்ட கட்டுரையை 'லான்செட்' சஞ்சிகை 2010இல் மீளப்பெற்றது. அதற்கும் மேற்கோள்கள் ஏராளம். பிழை என்று காட்டுவதற்காக ஒருவர் எடுத்துக்காட்டினாலும் கணக்கில் ஒன்று கூடத்தான் செய்யும்.

சரி, கரிகோவுக்கு வருவோம். தூது ஆர்.என்.ஏ.யைக் கொண்டு மருந்து செய்யலாம் என்பது அவருடைய நம்பிக்கை. விண்ணப்பித்தும் விண்ணப்பித்தும் ஆராய்ச்சி நிதி கிடைக்கவில்லை. வாப்பாவின் கேள்விக்குப் பெரும்பகுதி பதில் இதுதான். செயற்கை ஆர்.என்.ஏ. கலத்துக்குள் போனதும் உடல் அதை எதிரியாக நினைத்து அழற்சியை உண்டாக்கியது. அதிலுள்ள யூரிடின் என்ற கூறுக்குப் பதிலாகச் சூடோயூரிடினை வைத்தால் உடல் அமைதியாகிவிடும் என்பதை அவரும் ட்ரூ வைஸ்மனும் கண்டறிந்து 2005இல் வெளியிட்டார்கள். ஹேர்ஷ் தமது சுட்டெண்ணை வெளியிட்ட அதே வருடம்! ஆரம்பத்தில் அந்தக் கட்டுரையைப் பெரிதாக எவரும் கவனிக்கவில்லை. 2013இல் கரிகோ ஜேர்மனியின் பயோஎன்டெக் நிறுவனத்துக்குப் போனார். கொவிட் வந்த பிறகுதான் மேற்கோள்கள் குவிந்தன.

அந்தக் கண்டுபிடிப்பின் மேல் உருவானதுதான் பைசர் தடுப்பூசி. 2021 இறுதியில் இலங்கையில் பாடசாலை மாணவர்களுக்கு ஏற்றியதும் அதைத்தான். இதையெல்லாம் சொல்லி முடித்தபோது வாப்பா தம்முடைய இடது தோளைத் தடவிக்கொண்டார். அவருக்குப் போட்ட மூன்றாவது ஊசியும் பைசர்தான்.