சிரிக்க வைப்பதும் ஒரு பரீட்சைதான்!

பரீட்சை எழுதும் மாணவனுக்கு மூன்று மணி நேரம் அவகாசம் உண்டு. மேடையேறிச் சிரிக்க வைக்க வந்த மாணவனுக்குச் சில நிமிஷங்களே கிடைக்கும். பரீட்சையில் தவறினால் பல நாள் கழித்துத்தான் தெரியும். ஹாஸ்ய மேடையில் தவறினாலோ, மண்டபம் முழுவதும் அந்தக் கணமே ஊளையிட்டுச் சொல்லிவிடும்! இப்படிப்பட்ட சோதனையை மாணவர்கள் தாங்களே பணம் திரட்டி, வலிய வரவழைத்துக் கொள்வானேன்?

இந்தக் கேள்விக்கு விடை திருவல்லிக்கேணிக் கடற்கரைக்கு எதிரேயே இருக்கிறது. அங்கே நிற்கும் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-ம் ஆண்டில் பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் நாடகக் கோஷ்டி சென்னைக்கு வந்தது. படித்த மனிதர்கள் வேஷம் கட்டி நடிப்பதைப் பார்த்து அவர் அதிசயித்தார். அவ்வாண்டு ஜூலையில் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 18. நாடகக்காரரைக் 'கூத்தாடி' என்று ஏளனம் செய்த காலம் அது!

அசட்டு எஜமானையும் அவனைவிட அசடான வேலைக்காரனையும் வைத்து அவர் எழுதிய 'சபாபதி', 1941-ல் படமாக வந்து தமிழகத்தைச் சிரிக்க வைத்தது. சரி, நாடகப் பித்தினால் அவர் படிப்பு கெட்டதா? இல்லை. வக்கீலானார், நீதிபதியாகவும் பதவி வகித்தார்.

இன்னொருவரைப் பார்ப்போம். 1972-ல் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டிக்காக, கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர் மோகன், 'கிரேட் பேங்க் ராபரி' என்ற சிறு நாடகத்தை எழுதி நடித்தார். எழுத்துக்கும் நடிப்புக்கும் பரிசு கிடைத்தது. பரிசை வழங்கியவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த கமல்ஹாசன். 1976-ல் எஸ்.வி.சேகரின் குழுவுக்காக மோகன் எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்', அவர் பெயருக்கு முன்னால் 'கிரேஸி' என்ற சொல்லை நிரந்தரமாக ஒட்டிவிட்டது. 2019-ல் அவர் மறையும் வரை அது பிரியவில்லை. இவரும் பட்டம் பெற்று, கம்பெனியில் வேலை பார்த்த பிறகே முழு நேர எழுத்துக்கு வந்தவர். 'மேடை ஏறினால் பிள்ளை உருப்பட மாட்டான்' என்று கவலைப்படும் பெற்றோர் இந்த இரு கதைகளையும் நினைத்துப் பார்க்கலாம்.

ஹாஸ்ய விழா நடத்துவது விளையாட்டல்ல. மண்டபத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். நன்கொடை கேட்டுக் கடை கடையாக ஏற வேண்டும். வசனத்தைப் பேராசிரியரிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். மைக் கரகரக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல துணுக்கு ஒன்று கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் அத்தனை பாடும் வீண்!

எழுதுவதோ அதைவிடக் கஷ்டம். விடுதி நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்த வேடிக்கை, வேற்றுக் கல்லூரிக்காரர் முன்னால் ஈரப் பட்டாசாகிவிடும். சிரிப்பு அடங்குமுன் அடுத்த வசனத்தைச் சொன்னால் அது காற்றோடு போகும். அடங்கிய பிறகும் தாமதித்தால் விறுவிறுப்பு போகும். இந்தக் கணக்கை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தராது. ஒத்திகையும் எதிரே இருக்கும் ஜனங்களுமே குரு.

பிறத்தியார் நிறத்தையும் திக்குவாயையும் கேலி செய்தால் சுலபமாகச் சிரிப்பு வரும். ஆனால் கேலிக்கு ஆளானவன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? அவனும் சேர்ந்து சிரிக்கும்படி எழுதுவதே சாமர்த்தியம். சம்பந்த முதலியார் சிரித்தது எஜமானின் அசட்டுத்தனத்தைப் பார்த்து. அவன் உடம்பைப் பார்த்தல்ல.

ஆகவே கல்லூரித் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை: 'கூச்சல் அதிகம்' என்று சொல்லி மண்டபக் கதவைச் சாத்திவிடாதீர்கள். வருஷத்தில் ஒரு மாலைப் பொழுதை மாணவர்களிடம் கொடுங்கள். ஊளைச் சத்தம் கேட்கத்தான் செய்யும். அதைக் கேட்டும் அடுத்த வருஷம் மீண்டும் மேடையேறத் துணிபவன் எவனோ, அவனிடமிருந்துதான் நாளைய தமிழ் நாடகத்துக்கு நல்ல சிரிப்பு கிடைக்கப் போகிறது.