கதவு, நிலவு, மின்விசிறி: வீட்டோடு வருவது எது?

வீட்டை விற்றவர் எதைக் கழற்றிக்கொண்டு போகலாம், எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியாவில் அடிப்படை, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 8-ஆவது பிரிவு நேரடியாகவே பேசுகிறது. ஒருவர் வீட்டை எழுதிக்கொடுத்தால் பூட்டு, சாவி, கம்பி, கதவு, ஜன்னல் ஆகியவையும், வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுவதற்காக அமைக்கப்பட்ட மற்றவையும் வாங்கியவருக்குப் போய்ச் சேரும். சாவி சுவரில் பதிந்ததல்ல, சட்டைப் பையில் கிடப்பது. அதுவும் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ஆணியடித்ததா, இல்லையா என்பது முதல் கேள்வியே அல்ல. வேறு எண்ணம் எழுத்திலோ சூழ்நிலையிலோ தெரிந்தால் இந்த விதி விலகிக்கொள்ளும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. சச்சரவுகள் பெரும்பாலும் முளைப்பது இந்த இடத்தில்தான்.

அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவு ‘நிலத்தோடு பிணைந்தவை’ எவை என்று மூன்றாகப் பிரிக்கிறது: மரம், செடிபோல வேரூன்றியவை, சுவர், கட்டடம்போலப் பதிந்தவை, அப்படிப் பதிந்ததை நிரந்தரமாக அனுபவிப்பதற்காக அதனோடு பொருத்தப்பட்டவை. முதல் இரண்டில் குழப்பம் அதிகமில்லை. மூன்றாவது வகைதான் வழக்கறிஞர்களுக்குச் சோறு போடுகிறது. பொருத்தியது வீட்டின் நன்மைக்கா, அந்தப் பொருளின் நன்மைக்கா என்று பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலுக்கு இங்கிலாந்தில் 1872-இல் வந்த ஒரு தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். ஆலை ஒன்றின் தறிகள் தரையில் ஆணியால் அறையப்பட்டிருந்தன. அவை ஆலையின் பகுதியே என்று முடிவானது. எவ்வளவு உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, எதற்காகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றம் 1969-இல் ஓர் ஆயில் இன்ஜினைப் பற்றி வேறு முடிவுக்கு வந்தது. தரையில் பொருத்தாமல் இன்ஜினை ஓட்ட முடியாது. ஓடும் வரைதான் அந்தப் பிணைப்பு. பிறகு கழற்றி வேறிடம் கொண்டுபோகலாம். ஆகவே அது நிலத்தின் பகுதி ஆகாது. தறிக்கு ஒரு முடிவு, இன்ஜினுக்கு இன்னொரு முடிவு என்றால், இதில் சூத்திரம் எதுவும் இல்லை என்பதுதான் பொருள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு போல்ட்டுகூடக் கிடையாது. தன் எடையில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வீட்டின் குழாய்கள் எல்லாம் அதிலிருந்துதான் இறங்குகின்றன. அது வீட்டோடு வரும். போர்வெல்லுக்குள் கயிற்றிலும் குழாயிலும் தொங்கும் மோட்டாருக்கும் அதே நியாயம். ஆயில் இன்ஜின் தீர்ப்பைக் காட்டி விற்றவர் வாதாடலாம். ஆனால் வீட்டின் குடிதண்ணீரே அதை நம்பியிருக்கும்போது அந்த வாதம் எடுபடுவது கடினம். குழாய்த் திருகு, சுவிட்ச் போர்டு, வாஷ்பேசின் ஆகியவற்றைக் கழற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை, வெறும் வன்மம்தான்.

ஏசி விஷயத்தில் விற்றவர் கை ஓங்கியிருக்கும். சுவரில் மாட்டியது ஏசி ஓடுவதற்காக. கழற்றினால் சுவருக்குக் கெடுதல் ஒரு துளையோடு போகும். ஆனால் சுவருக்குள் பதித்துப் பூசிய செம்புக் குழாயை உருவ முயன்று பூச்சைப் பெயர்த்தால் அது வீட்டுக்குச் செய்த சேதம். இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்றவருடையவை, அதற்காக இழுத்த வயரிங் வீட்டுடையது. மின்விசிறியில் கொக்கி வீட்டுக்கு, விசிறி விற்றவருக்கு என்பது பல ஊர்களில் வழக்கம். ஊஞ்சலும் அப்படித்தான்: உத்தரத்துக் கொக்கி நிற்கும், பலகையும் சங்கிலியும் கிளம்பும். மாடுலர் கிச்சனில் பலகை அலமாரியும் கல் மேடையும் நிற்க வேண்டியவை. கல்லை அளவாக வெட்டி உள்ளே இறக்கிய அடுப்பும் மேலே இருக்கும் சிம்னியும் இரு தரப்புக்கும் வாதத்துக்கு இடம் தருபவை. மாடியில் சட்டம் அடித்து நிறுத்தி, வீட்டின் மின் இணைப்போடு சேர்த்த சூரிய மின்தகடுகள் வீட்டின் பக்கமே சாயும். ஆனாலும் அவற்றின் விலையை நினைத்தால், எழுதாமல் விடுவது முட்டாள்தனம்.

இங்கிலாந்தில் 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு குடியிருப்பின் பொருள்களை இப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. குளியலறைக் குழாய்களும் சமையலறை அலமாரிகளும் வீட்டின் பகுதி; தரைவிரிப்பும் திரைச்சீலையும் அல்ல என்று முடிவு செய்தது. அங்கே விற்பவர் எதை விட்டுப்போகிறார், எதை எடுத்துப்போகிறார் என்று பொருள்வாரியாகக் குறித்துத் தரும் படிவமே வழக்கத்தில் உள்ளது. இங்கே அப்படி ஒன்று இல்லை.

வீட்டைச் சுற்றியுள்ளவற்றுக்கும் விதி பொருந்தும். தென்னை, மா, பலா ஆகியவை வேரூன்றியவை, நிலத்தோடு போகும். தொட்டிச் செடிகள் விற்றவருடையவை. இங்கிலாந்தில் பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்குபவருக்குச் சுற்றிக் காட்டிய பிறகு, ஒப்பந்தத்துக்கு முன் விற்பவர் தோட்டத்துப் பழங்கற்பலகைகளைப் பெயர்த்து எடுத்துச் சென்றார். 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது.

செட்டிநாட்டில் இந்தப் பேச்சுக்கு எடை அதிகம். பழைய வீடுகளின் தேக்குக் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. வேலைப்பாடுள்ள தலைவாசல் கதவு வீட்டின் மதிப்பில் கணிசமான பங்கு. அதை விற்பவர் தனக்கென்று வைத்துக்கொள்ள விரும்பினால் பத்திரத்தில் விலக்கிவைத்து எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் கதவு வாங்கியவருடையது.

தமிழ்நாட்டுக் கிரயப் பத்திரங்களில் “கட்டுக்கோப்பு, கதவு, நிலவு, மின் இணைப்பு, அதன் டெபாசிட் உள்பட” என்பதுபோன்ற வரி வழக்கமாக வரும். நிலவு என்பது கதவு நிலை. ஓடு வேய்ந்த வீட்டுக்குப் போதுமாக இருந்த அந்த வரி, மூன்று ஏசியும் சிம்னியும் உள்ள அடுக்ககத்துக்குப் போதாது. “எல்லாம் உங்களுக்குத்தான் சார்” என்று வீடு காட்டும்போது சொன்னது பத்திரத்தில் ஏறுவதில்லை. எழுதிய ஆவணத்துக்கு முரணான வாய்ப்பேச்சை நீதிமன்றம் ஏற்காது என்பது சாட்சியச் சட்ட விதி. ஆவணம் மௌனமாக இருக்கும் விஷயத்தில், அதற்கு முரண்படாத தனி வாய்மொழி உடன்பாட்டை நிரூபிக்கலாம் என்று ஒரு விலக்கும் உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இதைத் தொடர்கிறது. ஆனால் நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில். கிரய ஒப்பந்தத்தோடு ஒரு பட்டியலும், அறைவாரியாக எடுத்த புகைப்படங்களும் இருந்தால் அந்தச் சுமை பாதியாகும்.

சிலர் ஏசி, அலமாரி, கட்டில் எல்லாவற்றுக்கும் தனி ஒப்பந்தம் போட்டு விலையைப் பிரிக்கிறார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதால் இதில் ஆசை உண்டு. உண்மையில் அசையும் பொருளுக்கு இது சரியே. சுவரோடு சுவராக நிற்பதை அசையும் பொருள் என்று எழுதினால் சிக்கல். கான்பூர் உரத் தொழிற்சாலை ஒன்றின் இயந்திரங்களை அப்படிப் பிரித்துக் காட்டியதை 1999-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவற்றின் மதிப்புக்கும் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்றது.

பொருள்கள் காணாமல் போவது பெரும்பாலும் இடைக்காலத்தில். பதிவு முடிந்த பிறகும் ‘ஒரு மாதத்தில் காலி செய்கிறோம்’ என்று விற்றவர் தங்குவது சகஜம். ஒப்பந்த நாள் தொடங்கி வீட்டை ஒப்படைக்கும்வரை, பொறுப்புள்ள உரிமையாளர்போலச் சொத்தைக் காப்பது விற்பவர் கடமை என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. ஆனால் முழுப் பணமும் பத்திரத்தன்றே கைமாறிவிடுவதால், பிடித்துவைக்க வாங்கியவரிடம் ஏதும் இருப்பதில்லை. சிறு தொகையை ஒப்படைப்பு நாளுக்கு நிறுத்திவைப்பதாக எழுதிக்கொள்வது எந்த வழக்கையும்விட மலிவு.

போலீசுக்குப் போனால் ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்புவார்கள். பல சமயம் அது சரியும்கூட. பொருத்தியதைப் பெயர்த்தெடுத்தாலும் திருட்டுதான், ஆனால் திருட்டுக்குப் பொருள் இன்னொருவர் வசத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும். சாவி தன்னிடமே இருக்கும்போது விற்றவர் கழற்றியது அதில் சிக்காது. ஒப்படைத்த பின் மாற்றுச் சாவியால் நுழைந்து எடுத்தால் சிக்கும். அப்போதும் ‘என்னுடையது என்று நம்பினேன்’ என்பது ஒரு தற்காப்பு. தனிநபர் தன் பழைய வீட்டை விற்பது சேவையல்ல என்பதால் நுகர்வோர் ஆணையம் உதவாது. வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு மூன்று ஆண்டுக்குள் இழப்பீட்டு வழக்கு. கேட்கக்கூடியது பழைய கீசரின் இன்றைய மதிப்பும் சுவரைச் சரிசெய்த செலவும்தான், புதிய கீசரின் விலையல்ல. அதனால் பெரும்பாலான தகராறுகள் நோட்டீசோடு, அல்லது இடைத்தரகர் இருவருக்கும் போடும் இரண்டு போன் அழைப்புகளோடு நின்றுவிடுகின்றன.