கோடைகால வீட்டுத்தோட்டம்

கோடைகால வீட்டுத்தோட்டம் என்பது மழையில்லாத வெப்ப மாதங்களில், வீட்டைச் சுற்றியுள்ள நிலத்திலோ மாடியிலோ வளரும் செடிகளைக் குறைந்த நீரில் காத்து வளர்க்கும் முறையைக் குறிக்கும். தமிழ்நாட்டில் மார்ச் முதல் ஜூன் வரையிலான காலம் இதற்குரியது. இக்காலத்தில் வீட்டின் குடிநீர், சமையல், குளியல், துணி துவைத்தல் ஆகிய தேவைகளுக்கே நீர் போதாமல் போவதுண்டு. எனவே செடிக்கு எவ்வளவு நீர் ஊற்றுவது என்பதைவிட, ஊற்றிய நீரை மண்ணில் எவ்வாறு தக்கவைப்பது என்பதே இதில் முதன்மையான கேள்வியாகும்.

காலநிலைப் பின்னணி

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. அம்மழை பொய்த்தால் அடுத்த கோடையில் ஏரி, கிணறு, ஆழ்துளைக் கிணறு ஆகிய அனைத்தும் வற்றத் தொடங்கும். மே மாதத் தொடக்கத்தில் தொடங்கும் அக்கினி நட்சத்திரம் எனப்படும் கத்திரி வெயில் காலம் ஏறத்தாழ 25 நாட்கள் நீடிக்கும். வேலூர், திருத்தணி, கரூர், மதுரை போன்ற இடங்களில் அப்போது வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம்.

2018ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை குறைந்ததன் விளைவை 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை கண்டது. நகருக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய முற்றிலும் வறண்டன. தெருக்களில் வண்ணக் குடங்களுடன் மக்கள் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தனர். சில உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே பணியாற்றச் சொன்னன. 2019 ஜூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து முதல் தொடர்வண்டி 25 லட்சம் லிட்டர் நீருடன் சென்னை வில்லிவாக்கத்தை அடைந்தது.

செடி வாடுவதற்கான காரணம்

வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியாக ஆவியாக வெளியேறுகிறது. இது நீராவிப்போக்கு எனப்படும். நண்பகலில் வேர் கொடுக்கும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகும்போது இலை துவண்டு தொங்கும். மண்ணில் ஈரம் இருந்தாலும் இது நிகழலாம். மாலையில் வெயில் தாழ்ந்ததும் இலை நிமிர்ந்துவிட்டால் அச்செடிக்கு அன்று கூடுதல் நீர் தேவையில்லை. காலையிலும் இலை துவண்டே இருந்தால் உடனே நீர் விடவேண்டும். விரலை இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்ப்பது எளிய சோதனை. விரலில் ஈரமண் ஒட்டினால் ஒரு நாள் பொறுக்கலாம்.

நீர் பாய்ச்சும் முறை

அதிகாலையே நீர் விட ஏற்ற நேரம். அது இயலாதபோது மாலையில் விடலாம். நண்பகலில் விடும் நீரில் ஒரு பங்கு வேருக்குப் பயன்படாமல் ஆவியாகிவிடும். மேலும், மாடித் தொட்டியிலும் குழாயிலும் தேங்கிய நீர் அந்நேரத்தில் கொதித்திருக்கும். அதை நேரே வேரில் ஊற்றினால் இளஞ்செடி கருகும்.

நிலத்திலுள்ள செடிகளுக்கு நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி விடுவது நல்லது. மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேற்பரப்பிலேயே பரவி, வெப்பத்துக்கு எளிதில் இரையாகும். தொட்டிகளில் மண் குறைவு என்பதால் நாள்தோறும் நீர் தேவைப்படும். ஒரு தொட்டிக்கு 2 லிட்டர் என்று கொண்டால் 20 தொட்டிகளுக்கு 40 லிட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று குடம் நீர் வேண்டும். லாரித் தண்ணீரை நம்பியுள்ள வீட்டுக்கு இது சிறிய அளவன்று.

பானைப் பாசனம் பழமையான சிக்கன முறையாகும். மெருகிடாத மண்பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி மூடி வைப்பர். பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் சுற்றியுள்ள மண் காயக்காயச் சிறிது சிறிதாக வேருக்குக் கிடைக்கும். மேற்பரப்பு நனையாததால் ஆவியாதலும் களையும் குறையும்.

மூடாக்கும் நிழலும்

மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல், நிலக்கடலைத் தோல், தேங்காய் மட்டை ஆகியவற்றை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புவது மூடாக்கு எனப்படும். இது மண்ணின் வெப்பத்தைத் தணித்து ஈரத்தைக் காக்கும். தண்டை ஒட்டி மட்டும் பரப்பக்கூடாது. அழுகலும் கரையானும் வர வாய்ப்புண்டு. மூடாக்குப் பொருள் கிடைக்காத இடத்தில் மேல்மண்ணைக் கொத்திவிடலாம். கொத்தியதும் மண்ணின் நுண்ணிய நீர்ப்பாதைகள் அறுபடுவதால், அடியிலுள்ள ஈரம் மேலேறி ஆவியாவது குறையும். கோடை உழவு கோடி நன்மை என்ற பழமொழியின் பயன்களுள் இதுவும் ஒன்று.

மாடித்தோட்டத்தில் தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றன் நிழல் மற்றொன்றின் மேல் விழும். சூடான தளத்தில் நேரே வைக்காமல் செங்கல் அல்லது பலகை மீது வைக்கவேண்டும். பச்சை நிழல்வலை நண்பகல் வெயிலைத் தணிக்கும்.

பயன்படுத்திய நீர்

முன்பு வீட்டின் கொல்லையில் துவைக்கும் கல்லையொட்டி வாழையும் சேம்பும் கல்வாழையும் இருந்தன. குளித்த நீரும் துவைத்த நீரும் அவற்றுக்கே சென்றன. அதே முறையை இன்றும் பின்பற்றலாம்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீர் எல்லாச் செடிகளுக்கும் ஏற்றது. குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதையும் செடிக்கு விடலாம். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரில் உப்பு மிகுதி என்பதால் அதைத் தொடர்ந்து செடிக்கு விடாமல், தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துவது நல்லது. சலவைத்தூள் மிகுந்த முதல் நீரைத் தவிர்த்து, கடைசி அலசல் நீரை வாழைக்கு விடலாம். கீரைக்கு அது வேண்டாம். தொட்டி மண்ணின் மேல் வெண்மையாகப் படிவதும் இலை ஓரம் கருகுவதும் உப்பு சேர்ந்ததன் அடையாளங்கள்.

சேமிக்கும் டிரம், வாளி ஆகியவற்றை இறுக மூடவேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு இத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும், பறவைகளுக்கு வைக்கும் கிண்ணத்தையும் வாரம் இருமுறையாவது கழுவி நீரை மாற்றவேண்டும்.

எதை முதலில் காப்பது

எல்லாச் செடிகளையும் காக்க நீர் போதாத நிலையில் வரிசை வகுத்துக்கொள்வது அவசியம். மா, கொய்யா, எலுமிச்சை போன்ற மரக்கன்றுகளுக்கு முதலிடம் தரவேண்டும்; அவற்றை இழந்தால் பல ஆண்டு உழைப்பு வீணாகும். அடுத்து கறிவேப்பிலை, மல்லிகை போன்ற நீண்டகாலச் செடிகள். கோடைதான் மல்லிகை பூக்கும் காலம் என்பதால் அதற்கு விடும் நீருக்கு உடனே பலனும் உண்டு. காய்த்து ஓய்ந்த கத்தரி, வெண்டை ஆகியவற்றை விதை எடுத்துக்கொண்டு அகற்றிவிடலாம். வேர் பிடித்த முருங்கையும், பிரண்டை, கற்றாழை போன்றவையும் மிகக் குறைந்த நீரில் தாங்கும்.

கடும் வெயிலில் உரமிடுதலும் பெருமளவு கவாத்தும் கூடாது. மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி ஆகியவை வறட்சியில் பெருகும். வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் மட்டுமே தெளிக்கவேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மழைநீர்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் கோடைமழை பெய்தால் அது 1,000 லிட்டர். சிதறல் போகப் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆனால் வடிகட்டியில் மணலும் சருகும் அடைத்துக்கொண்டால் அமைப்பு இருந்தும் பயனில்லை. எனவே முதல் கோடைமழைக்கு முன்பே மாடியையும் குழாயையும் வடிகட்டியையும் தூய்மை செய்யவேண்டும்.

ஆடி மாதத்தில் புதிய விதைப்பு தொடங்கும். கோடை முழுதும் மூடாக்காக இருந்த சருகு அதற்குள் பாதி மக்கியிருக்கும். அதை மண்ணோடு கலந்துவிட்டால் ஆடிப்பட்டச் செடிகளுக்கு அது எருவாகும். மண் அடுத்த கோடையில் நீரை இன்னும் சற்று அதிகமாகப் பிடித்துவைக்கும்.