ஒரு சாண் நிலம்

துணிவு என்றதும் மேடையில் முழங்குபவர்களே நம் நினைவுக்கு வருவார்கள். நான் அதைக் கண்டது ஒரு குசினி வாசலில்.

சமூகப் பணியாளராக வீடு வீடாகச் செல்லும் எனக்கு ஒரு காலத்தில் மனம் முழுவதும் சோர்வு. தீராத கடன், திரும்பி வராத பிள்ளைகள். கேட்டுக் குறித்துக்கொள்வதைத் தவிர என்னால் என்ன செய்ய முடிகிறது? விலகல் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன்.

அந்நாட்களில்தான் பளைப் பகுதியில் அந்த அக்காவைச் சந்தித்தேன். போரில் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகள். முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் முன்னரங்காக இருந்த மண் அது. 2009இல் போர் முடிந்த பின்னும் வெடிகள் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. அவற்றை அகற்றச் சென்ற பெண்களில் பலர் இவரைப் போன்ற குடும்பத் தலைவிகளே. பாரமான அங்கியும் முகக்கவசமும் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணை மெல்ல மெல்ல வாரிப் பார்க்க வேண்டும்.

“பயமில்லையோ அக்கா?” என்றேன்.

“பயம் இருக்குத்தான் தங்கச்சி. முழுக் காணியையும் பார்த்தால் கால் எழும்பாது. முன்னால இருக்கிற ஒரு சாணை மட்டும் பார்ப்பன். அது முடிஞ்சால் அடுத்த சாண்.” சொல்லியபடியே மகளின் தலையைப் பின்னிவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு அது புதுப் பாடம். மறுநாள், இடப்பெயர்வில் தொலைந்த ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்காக மட்டும் பிரதேச செயலகம் சென்றேன். என் கடிதம் இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது. சோர்வும் இடையிடையே வருகிறது. அப்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்வேன்: இன்றைக்கு எந்தச் சாண்?

சகோதரியே, உங்களுக்கு?